பின்சீட்டு அண்ணாச்சி

ராஜபாளையத்தில் ஒருவர் இருந்தார். கார், வேன், ஜீப்புகளுக்குப் பட்டை வேலை செய்கிறவர். பட்டை என்றால் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் தெரியாது, இப்போது வருகிற கார்களில் அது இல்லை. பழைய வண்டிகளில் பின்பக்கம், அச்சுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில், வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அடுக்கு வளைந்து நிமிர்ந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். அதுதான் பட்டை. அது சரியில்லை என்றால் அடி முழுவதும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முதுகெலும்புக்கு வந்து சேரும்.

அவருக்குப் பேர் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்ஸி ஸ்டாண்டில் நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. பின்சீட்டு அண்ணாச்சி என்போம், அல்லது வெறுமனே பின்சீட்டு. "வண்டி எங்கய்யா?" என்று கேட்டால், "பின்சீட்டுக்கிட்ட நிக்கி" என்பார்கள். அவருக்கும் இது தெரியும். கோபப்பட்டதில்லை.

அந்தப் பேர் வந்தது இப்படி. மற்ற மெக்கானிக் யாராக இருந்தாலும், வேலை முடிந்ததும் ஸ்டீரிங்கைப் பிடித்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். இவர் ஓட்ட மாட்டார். வண்டிக்காரனையே ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்சீட்டில் ஏறி உட்காருவார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்வார். எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். ஒரு தடவை நான் கேட்டேன், மேலே கைப்பிடி இருக்கிறதே, பிடித்துக்கொண்டால் என்ன என்று.

"தூங்குற பிள்ளை எதைப் பிடிக்கும்?" என்றார்.

ஓட்டுகிறவனுக்குக் குழி முன்கூட்டியே தெரியும், உடம்பு தானாகவே தயாராகிவிடும், கையில் ஸ்டீரிங்கும் இருக்கிறது, அவனை வைத்து வண்டியை அளக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. பின்னால் இருப்பவர்களுக்கு ரோடு தெரியாது. அவர்கள் நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே பட்டை சரியா இல்லையா என்று சொல்ல வேண்டியது அவர்களுடைய இடுப்புதான். இதை அவர் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, யாருக்கோ வழி சொல்வது மாதிரி சொல்லுவார்.

அவருடைய ஷெட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில், பேண்டேஜ் துணிக் குடோனுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்துக் காலி மனையில் வெளுத்த துணி எந்நேரமும் காய்ந்துகொண்டிருக்கும். அதில் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கி வைத்துத்தான் கை துடைப்பார். கிரீஸ் படிந்த கையில் ஆஸ்பத்திரித் துணியைப் பார்க்கிறபோது, இவருக்கு ஏதோ காயம் பட்டுவிட்டது போலிருக்கும். ஆள் குள்ளம், கனத்த உடம்பு. சம்மட்டி அடித்து அடித்து இடது காது கொஞ்சம் மந்தம். தனியாகத்தான் வேலை செய்தார். ஷெட்டுக்குள் ஓர் ஆணியில் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்று எப்போதும் தொங்கும். வேலை முடிந்ததும் கை கால் கழுவி, எண்ணெய்க் கால்சட்டையைக் கழற்றிவிட்டு, அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் பின்சீட்டில் ஏறுவார். அடுத்தவர் சீட்டில் கறை பட்டுவிடக் கூடாது. "மாப்பிள்ளை கெளம்பிட்டாரு, பொண்ணு வீட்டுக்குச் சொல்லி விடுங்கடே" என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அவர் காதில் விழாதது போல் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சன்னதித் தெருவில் ஓர் ஐயங்கார் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று வைத்திருந்தார். மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதற்காகப் பட்டையைப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார். பின்சீட்டு அண்ணாச்சி அன்று சாயந்தரம் வரைக்கும் ஒவ்வொரு தகடாகக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நாலு தடவை வேட்டி மாற்றினார், நாலு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போய்த் திரும்பினார். நாலாவது தடவை இறங்கும்போது அந்தப் பெரியவர் பொறுமை இழந்து, போதும் ஓய், இது நன்னாத்தானே இருக்கு என்றார். அதற்கு இவர், "உங்களுக்கு நல்லாருக்கு சாமி. உங்களுக்கா வயித்துல பிள்ளை இருக்கு?" என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே ஐந்தாவது தடவை ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இதுவே போதும். இனி என் கதைக்கு வருகிறேன். இதை உங்களிடம் சொல்லாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

அப்போது நான் ஓட்டியது என் சொந்த அம்பாசடர். உங்களில் பெரியவள் கைக்குழந்தை, சின்னவன் பிறக்கவே இல்லை. வண்டி பழசாகிவிட்டதால் பின்பக்கம் தொய்ந்து போயிருந்தது. முகூர்த்த நாளில் எட்டு பேர் ஏறினால் சைலன்ஸர் தரையில் உரசும். மகாராஜபுரத்திலிருந்து தேங்காய் மூட்டை ஏற்றினால் மட்கார்டு டயரில் இடிக்கும். ஸ்டாண்டில் ரெண்டு பேர் ஜீப்பின் பட்டையை வாங்கி அம்பாசடருக்குப் போட்டிருந்தார்கள். வண்டி பின்னால் கம்பீரமாகத் தூக்கி நின்றது. எத்தனை மூட்டை போட்டாலும் அசையவில்லை. எனக்கும் அந்த ஆசை வந்தது.

பின்சீட்டு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் என் வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, ஆள் ஏற்றப் போகிறீர்களா, மூட்டை ஏற்றப் போகிறீர்களா என்று கேட்டார். ரெண்டும்தான் என்றேன். ஜீப்புப் பட்டை தடித்தது, அது காட்டிலும் மேட்டிலும் போகிற வண்டிக்கு உள்ளது, ஆள் உட்காருகிற காருக்கு ஆகாது, உங்கள் பட்டையிலேயே ரெண்டு தகடு மாற்றித் தருகிறேன் என்றார். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் அலைய விட்டார். கடைசியில் நான், "நீங்க போடலைன்னா நான் வேற ஆளுகிட்டப் போறேன். போடுறதுக்கா ஆளு இல்ல?" என்றேன்.

வேறு ஆள் என்றால் எப்படிப் போடுவான் என்று அவருக்குத் தெரியும். நீளம் சேரவில்லை என்றால் நெருப்புக் காட்டி வளைத்துவிடுவான். நெருப்புப் பட்ட பட்டை பலம் போய் ஓடும்போது முறியும். அதற்குப் பயந்துதான் அவர் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். போட்டார். முறையாகத்தான் போட்டார். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் பிரேக் குழாய் இழுத்துக்கொள்ளக் கூடாது என்று அதையும் நீளமானதாக மாற்றினார். பிறகு வேட்டி கட்டிப் பின்சீட்டில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். முகம் சரியில்லை. "இந்த ஒரு தடவை நீங்க பின்னால உக்காருங்க தம்பி. வேற யாரையாவது ஓட்டச் சொல்லுதேன்" என்றார்.

எனக்கு அது அவமானமாகப் பட்டது. "நான் என்ன சவாரியா?" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வண்டியை ஏழு வருஷம் வைத்திருந்தேன். அதன் பின்சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

நாலு மாசம் நன்றாக ஓடியது. சவாரி ஏறியவர்கள் குலுக்குது குலுக்குது என்றார்கள். ரோட்டைக் குறை சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் அத்தை விழுந்தாள். அப்போது அவள் நம் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்தாள். மாமா திருப்பூரில் வேலை. வீட்டில் பரண் மேலிருந்து அண்டாவை எடுத்துக்கொண்டு இறங்கும்போது ஏணி வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். காலை பத்து மணி இருக்கும். நான் ஓடிப் போனபோது படுத்தபடி பேசிக்கொண்டுதான் இருந்தாள். "இடுப்புக்கு மேல ஒடஞ்ச மாதிரி இருக்குடா. கால அசைக்க முடியுது" என்றாள். ரெண்டு காலையும் கொஞ்சம் அசைத்துக் காட்டினாள். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு காலையும்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். அது வேறு ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். எனக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. வாசலில் சொந்தக் கார் நிற்கிறது, கூடப்பிறந்தவள் தரையில் கிடக்கிறாள், நான் என்ன பார்த்துக்கொண்டு நிற்பதா என்று தோன்றியது. போர்வையில் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி மதுரைக்குக் கிளம்பிவிட்டேன். உங்கள் அம்மா பக்கத்து வீட்டில் பெரியவளைக் கொடுத்துவிட்டுக் கூட வந்தாள்.

அப்போது கிருஷ்ணன்கோவில் தாண்டி ரோட்டை அகலப்படுத்துவதற்காக வெட்டிப் போட்டிருந்தார்கள். அத்தை ஒவ்வொரு குழிக்கும் கத்தினாள். நான் வேகத்தைக் குறைப்பேன், பிறகு சீக்கிரம் சேர்க்க வேண்டுமே என்று மறுபடி மிதிப்பேன். ஓர் இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அங்கே ஒரு சத்தம் போட்டாள். அதற்கு அப்புறம் கத்தவில்லை. வலி குறைந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். இடது கால் விரல்கள் மடங்கின. வலது காலில் ஒன்றும் இல்லை. எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். காரில் என்றேன். அதை எழுதிக்கொண்டார். அன்றைக்கே ஆபரேஷன். முதுகில் கம்பி வைத்துத் திருகாணி போட்டார்கள். வலது காலுக்கு உணர்வு வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். படுத்த வாக்கில் போக வேண்டும், குலுங்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஸ்கேன் எடுக்க வேறு கட்டிடத்துக்கு ஆம்புலன்ஸ் வேனில் கொண்டுபோனபோது அத்தை வலி தாங்காமல் அழுதிருந்தாள். அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். "ஒன் கார்லயே மெதுவாக் கொண்டு போடா" என்றாள். அந்தக் காரில் என்ன பட்டை மாட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கே ராஜபாளையம் வந்தேன். பின்சீட்டு அண்ணாச்சி ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். வெளியே நீட்டியிருந்த காலைப் பார்த்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை. அவர் ஊர்ந்து வெளியே வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எப்படிப் படுப்பாக? ஒருச்சாய்ச்சா, மல்லாக்கவா?" என்று கேட்டார். உயரம் கேட்டார். என்றைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் வண்டியில் ஏறினார். பின்சீட்டில்தான் ஏறினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போனோம். அம்பாசடர் ஒன்று கிடந்தது. அதிலிருந்து ரெண்டு பக்கத்துப் பட்டையின் மேல் தகட்டையும் எடுத்தார். வண்டியோடு கோத்து மாட்டுகிற சுருள் அதில்தான் இருக்கும், ஆகவே அது அந்த வண்டியினுடையதாகவே இருக்க வேண்டும். கீழே அடுக்குகிற தகடுகளுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற சின்ன வேன் ஒன்றின் பட்டையைப் பிரித்தார். மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றையும் தரையில் ஊன்றி, மேலே தன் உடம்பின் கனத்தைக் கொடுத்து அமுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அகலம் ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், கூட இருந்தது. மெஷினில் வெட்டினால் சூடேறும் என்று, ஓரங்களைக் கொஞ்சம் தேய்ப்பதும் தண்ணீரில் முக்குவதுமாக ஒரு பகல் முழுவதும் தேய்த்தார். அவர் சாப்பிடப் போகவில்லை. நானும் போகவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "முதுகுல போட்டிருக்கிற திருகாணி எத்தன நூலாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேய்த்தார்.

மறுநாள் மாட்டி முடித்ததும் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அவர் உட்காரவில்லை. பின்சீட்டில் அத்தை படுக்க வேண்டிய மாதிரியே முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். பஞ்சு மாதிரி போனது. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. நானும் வாரேன் என்று மதுரைக்கும் கிளம்பி வந்தார்.

மதுரையில் அத்தையைப் படுக்க வைத்து, உங்கள் அம்மாவும் அண்ணாச்சியும் முன்னால் என் பக்கத்தில் இருக்க, கிளம்பினோம். ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே அத்தை முனக ஆரம்பித்தாள். எனக்குப் புரியவில்லை. காலையில் பஞ்சு மாதிரி போன வண்டி. அண்ணாச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். திருமங்கலத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தார். உள்ளே எட்டி அத்தையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து அவள் பாதியாகியிருந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்றார். "நீளம் கேட்டேன். கனம் கேக்கல. என்னைய வச்சு அளந்திருக்கேன்."

எண்பது கிலோ மனிதர் படுத்தபோது வளைந்து கொடுத்த பட்டை, உங்கள் அத்தைக்கு வளையவில்லை. கனம் இல்லாவிட்டால் பட்டை நிமிர்ந்தே நிற்கும். அசையாத பட்டையும் கட்டையும் ஒன்று. இத்தனை வருஷம் பின்னால் இருப்பவர்களுக்காகவே வேலை செய்த மனிதர், தன்னை மாதிரியே எல்லாரும் கனமாக இருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். அவர் அந்த இடத்தில் நின்ற நிலையை என்னால் சொல்ல முடியவில்லை. 

ஆனால் நின்றுகொண்டே இருக்கவில்லை. ரோட்டோரத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்க் கொத்தனாரிடம் விஷயத்தைச் சொல்லிக் காலி சிமெண்டுச் சாக்கும் மணலும் கேட்டு, தானே அள்ளி, கழுத்தில் வைத்துச் சுமந்து வந்தார். டிக்கியில் ஒரு சாக்கு வைப்பார், போய் விரலை வைத்துப் பார்ப்பார், இன்னொன்று வைப்பார். தன் கனத்துக்கும் இடம் விட்டு, நாலு விரல் கணக்கு வந்ததும் நிறுத்தினார். வெள்ளை வேட்டி மண்ணாகிவிட்டது. முன்னால் ஏறவில்லை. உங்கள் அம்மாவை முன்னாலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பின்சீட்டுக் காலடியில் குறுகி உட்கார்ந்து, சீட்டுச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"இனிமே குழி வந்தா வாய் விட்டுச் சொல்லிட்டு எறங்குங்க. சின்னதா பெருசான்னு சொல்லுங்க. தெரியாம வாரதுதான் ரொம்ப வலிக்கும்."

அப்படியே செய்தேன். சின்னது என்பேன், அத்தை மூச்சைப் பிடித்துக்கொள்வாள், வண்டி இறங்கி ஏறும். பெருசு என்பேன். பாலம் என்பேன். கல்லுப்பட்டி வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன், என் தொண்டை கட்டிப்போனது. பிறகு பின்னாலிருந்து அண்ணாச்சி மெதுவாக, "இனிமே சொல்லாதீக. தூங்குதாக" என்றார்.

சேதமில்லாமல் வீடு சேர்ந்தோம்.

அவர் எப்படிப்பட்டவர் என்று நான் முழுசாகத் தெரிந்துகொண்டது அதற்கும் ஒன்றரை மாசம் கழித்து. ஒரு மத்தியானம் பழம் வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்க வந்தார். அத்தைக்கு இடது கால் நன்றாகிவிட்டது, வலது கால் அப்படியே இருந்தது. அவருக்கு அவளிடம் மரியாதை இருந்தது, அவளுக்கும் அவரிடம் இருந்தது. அண்ணாச்சி அண்ணாச்சி என்று பேசினாள். நான் அவருக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்தவன் நடைக்கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவர், மதுரைக்குப் போகும்போது எந்த இடத்தில் ரொம்ப வலித்தது என்று கேட்டார். தொழில்காரர் கேட்கிற கேள்வி. அத்தை யோசிக்கவே இல்லை.

"கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு எடத்துல தூக்கிப் போட்டுச்சு. முதுகுல சுரீர்னு ஒண்ணு ஓடுச்சு. அதுக்குப் பொறவு இந்தக் காலு எங்க கெடக்குன்னே தெரியல."

விழுந்த அடியிலேயே நரம்பு நசுங்கி, வீக்கம் கூடக்கூட உணர்வு போவதும் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். குலுங்கியதால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அண்ணாச்சிக்கு அதெல்லாம் தெரியாது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப வண்டியில இருந்தது ஜீப்புப் பட்டை, தாயி. ஆளு போற வண்டிக்கு அது ஆகாது. மாட்டினது நான்தான்."

"ஆகாதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மாட்டுனீக?"

"தெரிஞ்சுதான் தாயி."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். ஒரு வார்த்தை போதும். அக்கா, அவர் வேண்டாம் என்றார், நான்தான் கேட்காமல் போடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. நான் உள்ளே போய்க் காப்பியை அவர் முன்னால் வைத்தேன். அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் காப்பியைக் குடித்து முடித்து, எழுந்து, வாரேன் தாயி என்றார். 

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டு, நான் போடச் சொன்னதை ஏன் நீங்கள் சொல்லவில்லை என்று கேட்டேன்.  அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"நான் செஞ்சத நான் சொன்னேன். நீங்க செஞ்சத நீங்கதான சொல்லணும்."

அவர் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் கொஞ்ச நாள் என்னை ஏமாற்றிக்கொண்டேன். அது இல்லை. என் பங்கை எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனார்.

அத்தை ஏழு மாசத்துக்கு அப்புறம் நடந்தாள். வலது காலை இன்றைக்கும் இழுத்துத்தான் வைக்கிறாள், நீங்கள் பார்க்கிறீர்கள். நான் அந்தக் காரை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கினேன். அண்ணாச்சியைப் பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் அந்த விஷயத்தைப் பேசியதே இல்லை. அக்கா எப்படி இருக்காக என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பார். கேட்டுவிட்டு என் முகத்தைச் செத்த நேரம் பார்ப்பார். நான் நல்லாருக்கா என்பேன். அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

அத்தை மகள் கல்யாணத்துக்கு ராஜபாளையத்தில் யார் யாருக்குப் பத்திரிகை என்று நான்தான் உட்கார்ந்து எழுதினேன். அண்ணாச்சி பேரைச் சொன்னேன். "அந்த ஆளுக்கு எதுக்கு?" என்றாள் அத்தை. நான் பேனாவை அடுத்த பேருக்கு நகர்த்தினேன்.

போன வருஷம் அவர் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். நானும் ஸ்டாண்டு ஆட்களும் போனோம். கிளம்பும் முன்னால், அவர் இறந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து கால் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "செத்தவரப் பத்திப் பேசக் கூடாது. போய்ட்டு வா. நான் வரல" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான் அப்போதும் சொல்லவில்லை.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். இதற்கு முன்னால் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. உங்களுக்கு நல்ல மனிதர் ஒருவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எழுத எழுத, அவரைப் பற்றி நல்லதாக நான் எழுதுகிற ஒவ்வொரு வரியும், அத்தையிடம் நான் சொல்லாத வரையில் பாதிப் பொய்யாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது.

நாளைக் காலையில் அத்தை வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தாளைக் கொண்டுபோக மாட்டேன், இதை வாசித்துக் காட்டினால் நான் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வாயால் சொல்லப் போகிறேன். அவள் என்ன சொல்லுவாள் என்று தெரியாது. என் முகத்தில் முழிக்காதே என்றுகூடச் சொல்லலாம். சொல்லிவிட்டு வந்தால்தான் இதை உங்கள் கையில் தருவேன், இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவேன். நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அத்தைக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.